எண்டர் தட்டினதுக்கு அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, டெலஸ்கோப்ல மாட்டின சிசிடி கேமராவை (ஒளியை எலக்ட்ரானா மாத்திப் பிடிக்கற சிப் இருக்கற கேமரா) மவுஸைத் தொடாம கமாண்ட் டைப் பண்ணியே ராத்திரி பூரா ஓட்டறது எப்படின்னு எழுதியிருந்தேன். லினக்ஸ் கம்ப்யூட்டர், அதுல இண்டி சர்வர் (டெலஸ்கோப், கேமரா மாதிரி கருவிகளை ஓட்டற சாஃப்ட்வேர்), இண்டி_செட்ப்ராப்னு ஒரு கமாண்ட் (கேமராகிட்ட சொல்றதுக்கு), இண்டி_கெட்ப்ராப்னு இன்னொண்ணு (கேமராகிட்ட கேக்கறதுக்கு), அவ்வளவுதான் சாமான். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து, இந்த இதழ்ல பதில் சொல்றேன். கமாண்ட் பேரு, ஹெடர் (படத்தோட ஃபைல் ஆரம்பத்துல இருக்கற விவரக் குறிப்பு) பேரு எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துல கொடுத்திருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிக்கணும். ப்ரோக்ராம் பேரெல்லாம் சின்ன எழுத்து, கேமராவோட ப்ராப்பர்ட்டி (செட்டிங்) பேரெல்லாம் பெரிய எழுத்து. இது மாறினாலே பாதி பேருக்கு வேலை நின்னுடுது.

அழகா பட்டன் வெச்ச சாஃப்ட்வேர் எத்தனையோ இருக்கும்போது எதுக்கு டைப் அடிச்சு கஷ்டப்படணும்? — ஒரு வாசகர்

ஒரு படம் எடுக்கணும்னா நானும் பட்டனைத்தான் அமுக்குவேன். ஃபோகஸ் பார்க்கும்போது, நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டு வரும்போது, கண்ணு முன்னாடி படம் வந்து விழணும், அதுக்கு ஜன்னல் வெச்ச சாஃப்ட்வேர்தான் சரி.

ஆனா ஒரே நட்சத்திரத்தை மூணு மணி நேரம், 60 செகண்ட் 60 செகண்டா எடுத்துட்டே இருக்கணும்னு வெச்சுக்கோங்க. ஹெச்டி 209458னு ஒரு நட்சத்திரம், 1999-ல அதுக்கு முன்னாடி ஒரு கிரகம் குறுக்க போறதைக் கண்டுபிடிச்சாங்க, வேற சூரியனைச் சுத்துற கிரகம் அப்படி மறைக்கிறதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போ ஒளி குறையறது 2 சதவீதத்துக்கும் கம்மி, நீடிக்கிறது ஏறக்குறைய மூணு மணி நேரம். அதைப் பிடிக்கணும்னா எல்லா படமும் ஒரே நீளம், ஒரே டெம்பரேச்சர், ஒரே செட்டிங்கா இருந்தாகணும். நடுராத்திரியில தூக்கக் கலக்கத்துல 60-க்கு பதிலா 6-ன்னு ஒரு கட்டத்துல விழுந்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மறுநாள் கண்டுபிடிக்க வழியே இருக்காது. டைப் அடிச்சது அப்படி இல்ல, நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒவ்வொரு வரியும் ஹிஸ்டரியில அப்படியே கிடக்கும். எனக்கு இது பிடிச்சதுக்கு முதல் காரணமே அதுதான்.

ரெண்டாவது, நெட் மெதுவா இருக்கற இடம். டெலஸ்கோப் ஒரு மலையில, நீங்க வீட்டுலன்னா, ஸ்கிரீனையே இழுத்து வந்து காட்டுற சாஃப்ட்வேர் தத்தளிக்கும், ஒரு வரி எழுத்து போயிட்டு வர்றதுக்கு எந்த மோசமான லைனும் போதும்.

எண்டர் தட்டினதும் கேமராவுக்குள்ள என்னதான் நடக்குது? 10 செகண்ட் எக்ஸ்போஷர்னு கொடுத்தா ஃபைல் வர 50 செகண்ட் ஆகுது, கேமரா கெட்டுப்போச்சா? — கல்லூரி மாணவி

கெடலம்மா, கேமரா அதோட வேலையைத்தான் ஒழுங்கா பார்த்துட்டு இருக்கு.

கமாண்ட் போய்ச் சேர்ந்ததும் முதல்ல கேமரா தன்னைத்தானே துடைச்சுக்கும். சும்மா இருந்த நேரத்துல சிப்புல தேங்கின எலக்ட்ரான் எல்லாத்தையும் வெளிய தள்ளிடும். அப்புறம் ஷட்டர் திறக்கும். வர்ற ஒளி சிலிக்கான்ல பட்டு எலக்ட்ரானைக் கிளப்பும், அது அந்தந்த பிக்சல்லயே மாட்டிக்கிட்டு நிக்கும். 10 செகண்ட் ஆனதும் ஷட்டர் மூடும். நீங்க கேட்ட எக்ஸ்போஷர் இதோட முடிஞ்சிடுது, ஆனா படம்னு ஒண்ணு இன்னும் பிறக்கவே இல்ல.

இனிமேதான் ரீட்அவுட். ஒரு தியேட்டர் பூரா ஜனம், வெளிய போக ஒரே ஒரு கதவுன்னு நினைச்சுக்கோங்க. முன் வரிசையில இருக்கறவங்க ஒவ்வொருத்தரா அந்தக் கதவு வழியா போவாங்க, அந்த வரிசை காலியானதும் பின்னாடி இருக்கற அத்தனை வரிசையும் ஒரு அடி முன்னாடி நகரும், மறுபடி முன் வரிசை ஒவ்வொருத்தரா வெளிய. சிசிடியும் அச்சு அசல் இதேதான். கதவுல நிக்கற ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொரு பிக்சல்லயும் எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு அளக்கும், அதை 0-லேர்ந்து 65535 வரைக்கும் ஒரு எண்ணா மாத்தும், 16 பிட் கேமரான்னா அதுதான் உச்சம்.

உங்க சிப் 2048க்கு 2048னு எழுதியிருந்தீங்க. மொத்தம் 41,94,304 பிக்சல். செகண்டுக்கு பத்து லட்சம் பிக்சல் படிச்சா 4 செகண்ட் சொச்சத்துல முடியும். செகண்டுக்கு ஒரு லட்சம்தான் படிக்குதுன்னா 42 செகண்ட். நீங்க சொன்ன 50 செகண்டுக்கு 10-ஐக் கழிச்சா மிச்சம் என்ன வருதுன்னு பாருங்க, உங்க கேமரா மெதுவான ரீட்அவுட்ல இருக்கு, கணக்கு கிட்டத்தட்ட சரியா உக்காருது. மெதுவா படிச்சா ரீட் நாய்ஸ் (படிக்கும்போது எண்ணுல கலந்துடற பிசிறு) கம்மி, மங்கலான விஷயத்துக்கு அது நல்லது. ஆனா 60 படம் எடுத்தா படிக்கறதுக்கே 42 நிமிஷம் போயிடும். ஃபோகஸ் பார்க்கறப்போ வேகமா வெச்சுக்கோங்க, நிஜமான படத்துக்கு மெதுவா மாத்திக்கோங்க, எல்லா கேமராலயும் இந்த வசதி இருக்காது.

அவசரமா பார்க்கணும்னா இன்னும் ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பின்னிங், 2க்கு 2 வெச்சா பக்கத்து பக்கத்து நாலு பிக்சல் சார்ஜும் சிப்புலயே ஒண்ணா கொட்டி ஒரே தடவை அளக்கப்படும். நாலு பிக்சலைத் தனித்தனியா படிச்சு அப்புறம் கூட்டினா ரீட் நாய்ஸ் ரெண்டு மடங்கு, சிப்புலயே கூட்டிட்டு ஒரே தடவை படிச்சா ஒரு மடங்குதான். இன்னொண்ணு, சிப்புல ஒரு சின்ன கட்டத்தை மட்டும் படிக்கச் சொல்றது, சிசிடி_ஃப்ரேம்ல எக்ஸ், ஒய், அகலம், உயரம் நாலையும் கொடுத்தா போதும். கொடுத்துட்டு, வேலை முடிஞ்சதும் முழு சிப்புக்குத் திருப்பி மாத்தணும், இல்லாட்டி ராத்திரி பூரா தபால்தலை சைஸ் படமா வந்து விழும்.

எக்ஸ்போஷர் முடிஞ்சுதுன்னு சொல்லுது, ஆனா ஃபைல் எங்கேயுமே இல்ல. கம்ப்யூட்டர் பூரா தேடிட்டேன். — மூணு பேர் இதையே கேட்டிருக்கீங்க

கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அந்தக் கடுப்பு எனக்கு நல்லா புரியுது.

இண்டியில கேமரா டிரைவர் படத்தை எடுத்ததும், அதைக் கேட்டுட்டு இருக்கற க்ளையண்ட் சாஃப்ட்வேருக்கு அனுப்பிடும், அதுதான் வழக்கமான செட்டிங். நீங்க இண்டி_செட்ப்ராப் அடிச்சீங்க, அது சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு அந்த நொடியே கிளம்பிப் போயிடுச்சு. படம் ரெடியாகும்போது வாங்கிக்க வாசல்ல யாருமே இல்ல, அதனால அது காத்தோட போச்சு. அப்லோட்_மோட்ல அப்லோட்_லோக்கல்ங்கறதை ஆன் பண்ணுங்க, டிரைவரே நேரா டிஸ்க்ல எழுதிடும். எந்த ஃபோல்டர், என்ன பேருன்னு அப்லோட்_செட்டிங்ஸ்ல சொல்லிடலாம், அதுல அப்லோட்_டிர் ஃபோல்டருக்கு, அப்லோட்_ப்ரிஃபிக்ஸ் பேருக்கு. பேருக்கு நடுவுல மூணு எக்ஸ் போட்டு வெச்சா அந்த இடத்துல 001, 002-ன்னு நம்பர் தானா ஏறும்.

ரெண்டையும் ஒரே கமாண்ட்ல நடுவுல அரைப்புள்ளி வெச்சு கொடுக்கலாம், ஆனா மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. போடலைன்னா ஷெல் (டெர்மினல்ல நீங்க அடிக்கறதைப் படிக்கற ப்ரோக்ராம்) அரைப்புள்ளியைப் பார்த்ததும் அதோட ஒரு கமாண்ட் முடிஞ்சுதுன்னு வெட்டிடும். அதே மாதிரிதான் "சிசிடி சிமுலேட்டர்"னு பேருக்கு நடுவுல இடைவெளி இருக்கற கேமராவும், மேற்கோள் இல்லாம அடிச்சா ரெண்டு துண்டாயிடும்.

அடிச்ச கையோட இண்டி_கெட்ப்ராப் போட்டு அப்லோட்_லோக்கலுக்கு நேரா ஆன்னு வருதான்னு பாருங்க. இதை எல்லா பதில்லயும் திருப்பித் திருப்பிச் சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க அடிச்சது ஒரு வேண்டுகோள்தான், அதைக் கேமரா ஏத்துக்கிச்சான்னு திருப்பிக் கேட்டாதான் தெரியும்.

கெட்ப்ராப் அடிச்சா நாலஞ்சு வரிதான் வருது, சிசிடின்னு ஆரம்பிக்கற எதுவுமே இல்லைன்னு இவங்கள்ல ஒருத்தர் எழுதியிருக்கார். நீங்க இன்னும் கேமராவைக் கனெக்டே பண்ணல. கனெக்‌ஷன்ல கனெக்ட் ஆன்னு கொடுங்க, லிஸ்ட் மடமடன்னு நீளும்.

மைனஸ் 20 டிகிரி செட் பண்ணி எடுத்தேன், டார்க் (வெளிச்சம் படாம எடுக்கற இருட்டுப் படம்) கழிச்ச பிறகும் படத்துல புள்ளி புள்ளியா மிச்சம் இருக்கு. டார்க் ஃப்ரேமும் அதே ராத்திரிதான் எடுத்தேன். — ஒரு பள்ளி ஆசிரியர்

சார், இந்தக் கேள்வியைப் படிச்சதும் என்னோட ஒரு ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நானும் மைனஸ் 20-ன்னுதான் அடிச்சேன். சிசிடி_டெம்பரேச்சர், அதுக்கு மதிப்பு மைனஸ் 20, எண்டர். எர்ரர் ஒண்ணும் வரல, வேற வேலையைப் பார்க்கப் போயிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் வெளிய 22 டிகிரி. அந்தக் கேமராவோட பெல்டியர் கூலர் (கரண்ட்ல சிப்பைக் குளிர வைக்கற கருவி), சுத்தி இருக்கற காத்தை விட 35 டிகிரிதான் கீழ இறக்கும், அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் முடியாது. 22-ல 35 போனா மைனஸ் 13. கூலர் 100 சதவீதத்துல திணறிட்டு மைனஸ் 13-லயே நின்னுது. விடிய விடிய வெளிய குளிர் ஏறி 16 டிகிரிக்கு வந்தப்போ கேமராவும் கூடவே மைனஸ் 19-க்கு இறங்கியிருக்கு. நான் டார்க் எடுத்தது விடிகாலையில.

டார்க் கரண்ட்ங்கறது வெளிச்சமே இல்லாட்டாலும் சூட்டால சிப்புல சேர்ற எலக்ட்ரான். சுமாரா 6 டிகிரி ஏறினா அது ரெட்டிப்பாகும். அப்போ முன்னிரவுல எடுத்த படத்துல இருந்தது, விடிகாலை டார்க்ல இருந்ததை விட ரெண்டு மடங்கு. கழிச்சா பாதி அப்படியே நிக்கும், நீங்க சொல்ற புள்ளி புள்ளி அதுதான். எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, மறுநாள் மத்தியானம் ஃபிட்ஸ் (வானியல் படங்களைச் சேமிக்கற ஃபைல் வகை) ஹெடரைத் திறந்து வரிசையா பார்த்தேன். சிசிடி-டெம்ப்னு ஒரு வரி இருக்கும். முதல் படத்துல மைனஸ் 13.1, நடுவுல மைனஸ் 15.4, கடைசியில மைனஸ் 18.9. ஒரு ராத்திரி உழைப்பு, ஒரு படத்துக்கு இன்னொரு படம் சம்பந்தமே இல்லாம. அந்த எண்களைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இத்தனைக்கும் கேமரா எதையும் மறைக்கல. இண்டியில ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு நிலைமை உண்டு, ஐடில், ஓகே, பிஸி, அலர்ட்னு நாலு. ராத்திரி பூரா என் சிசிடி_டெம்பரேச்சர் பிஸியிலயே இருந்திருக்கு, இன்னும் போய்ச் சேரலைன்னு அது சொல்லிட்டே இருந்திருக்கு, நான் கேக்கவே இல்ல.

அதனால நீங்க செய்ய வேண்டியது, மொதல்ல உங்க படம், டார்க் ரெண்டோட ஹெடர்லயும் சிசிடி-டெம்ப் என்னன்னு பாருங்க. அரை டிகிரிக்கு மேல வித்தியாசம்னா அந்த டார்க்கை அந்தப் படத்துக்குப் போடாதீங்க. அடுத்த தடவை கூலர் 70, 80 சதவீதத்துல நிக்கற மாதிரி டெம்பரேச்சர் தேர்ந்தெடுங்க, வெளிய 22-ன்னா மைனஸ் 5 வெச்சாலே போதும். ராத்திரி பூரா அசையாத மைனஸ் 5, அலையற மைனஸ் 20-ஐ விட ஆயிரம் மடங்கு உசத்தி. ஹெடர்ல எக்ஸ்ப்டைம்னு ஒரு வரியும் இருக்கும், எக்ஸ்போஷர் நேரம், அதுவும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். எக்ஸ்பின்னிங்னு இருக்கற பின்னிங் அளவும் ஒண்ணா இருக்கணும்.

இன்னொண்ணு, ஃப்ரேம் டைப்பை டார்க்னு மாத்தினா ஷட்டர் இருக்கற கேமரா மூடிக்கும். ஷட்டர் இல்லாத கேமரா ஹெடர்ல டார்க்னு எழுதிட்டு வெளிச்சத்தைத்தான் படம் எடுக்கும், நீங்கதான் மூடி போடணும். இதுவும் உங்க பிரச்சினையா இருக்கலாம், செக் பண்ணுங்க.

எக்ஸ்போஷர் பாதியில மேகம் வந்துடுச்சுன்னா நிறுத்தலாமா? கேமராவுக்கு ஏதாவது ஆகுமா? — ஒரு வாசகர்

தாராளமா நிறுத்தலாம், சிசிடி_அபார்ட்_எக்ஸ்போஷர்ல அபார்ட் ஆன். ஷட்டர் மூடும், அதுவரை சேர்ந்தது போயிடும், கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது. பண்ணக்கூடாதது யூஎஸ்பி வயரைப் பிடுங்கறது. டிரைவர் தொங்கிடும், கூலரும் சட்டுன்னு நின்னு போகலாம்.

60 படம் எடுக்க ஒரு லூப் எழுதினேன். ரெண்டு படம் வருது, மிச்சம் 58-ம் காணோம். இன்னொரு நாள் நெட் போனதும் லூப்பும் செத்துப்போச்சு. — ஐடி வேலையில இருக்கும் ஒரு வாசகி

ரெண்டு தனித்தனி விஷயம் இது.

முதல்ல லூப். மேல சொன்ன அதே கதைதான், செட்ப்ராப் சொல்லிட்டு உடனே திரும்பிடும், எக்ஸ்போஷர் முடியற வரைக்கும் நிக்காது. உங்க லூப் ஒரு செகண்டுக்குள்ள 60 தடவை "படம் எடு, படம் எடு"ன்னு கத்திட்டு போயிருக்கும். பலபேர் இதுக்கு ஸ்லீப் போட்டு சமாளிக்கறாங்க, 60 செகண்ட் எக்ஸ்போஷருக்கு ஸ்லீப் 70-ன்னு. ரீட்அவுட் என்னைக்காவது 12 செகண்ட் ஆச்சுன்னா அது உடையும், 3 செகண்ட்ல முடிஞ்சா 7 செகண்ட் வீண், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இண்டி_இவால்னு ஒரு கமாண்ட் கூடவே வருது, அதை மைனஸ் டபிள்யூ போட்டு ஓட்டினா நீங்க சொல்ற கண்டிஷன் உண்மையாகற வரைக்கும் காத்திருக்கும். சிசிடி_எக்ஸ்போஷரோட _ஸ்டேட்டை அதுல கேளுங்க, 0 ஐடில், 1 ஓகே, 2 பிஸி, 3 அலர்ட். 1 ஆனதும் அடுத்த படம். மைனஸ் டி-ல டைம்அவுட்டை எக்ஸ்போஷரையும் ரீட்அவுட்டையும் சேர்த்ததை விட நீளமா கொடுங்க, டைம்அவுட் ஆனா லூப்பை நிறுத்துங்க, கண்ணை மூடிட்டு அடுத்ததுக்குப் போக விடாதீங்க.

அதோட நிக்காம ஃபைல் வந்துச்சான்னும் லூப்பே பார்க்கட்டும். இதுக்கு ஒரு அருமையான சோதனை இருக்கு. ஃபிட்ஸ் ஃபைல் எப்பவும் 2880 பைட் கட்டம் கட்டமாத்தான் இருக்கும், ஹெடர்ல ஒரு வரி 80 எழுத்து, 36 வரி சேர்ந்தா ஒரு கட்டம், படத்தோட டேட்டாவும் கடைசி கட்டம் நிறையற வரைக்கும் சைபர் போட்டு நிரப்பியிருக்கும். அதனால கம்ப்ரெஸ் பண்ணாத ஃபிட்ஸ் ஃபைலோட சைஸை 2880-ஆல வகுத்தா மீதி வரக்கூடாது. வந்தா அந்த ஃபைல் பாதியில அறுந்தது. ஷெல் ஸ்கிரிப்ட்ல ஒரே வரி.

இப்போ நெட். எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வழி) உள்ள போய் லூப் ஓட்டறீங்க, லைன் போனதும் அந்த செஷனோட ஓடிட்டு இருந்ததெல்லாம் கூடவே போயிடும். இண்டி சர்வரையும் அதே செஷன்ல ஆரம்பிச்சிருந்தீங்கன்னா அதுவும் காலி. டிமக்ஸ், ஸ்கிரீன்னு ரெண்டு ப்ரோக்ராம் இருக்கு, ரெண்டுல ஒண்ணை கட்டாயம் பழகிக்கோங்க. டெலஸ்கோப் பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர்ல அது உயிரோட இருக்கும், நீங்க போயிட்டுத் திரும்பி வந்து ஒட்டிக்கலாம், விட்ட இடத்துலயே எல்லாம் ஓடிட்டு இருக்கும்.

கடைசியா ஒண்ணு, நீங்க கேக்கல, ஆனா ஸ்கிரிப்டைப் பார்த்ததுல மனசு கேக்காம சொல்றேன். கேமராவுக்கு மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பற அமைப்பு) பத்தி ஒண்ணும் தெரியாது. நட்சத்திரம் உச்சியைத் தாண்டி மேற்க போனதும் ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்டைப் புரட்டிப் போடணும், இல்லாட்டி கேமரா ஸ்டாண்ட்ல போய் இடிக்கும், இடிச்சிட்டே உங்க லூப் சமத்தா 47-வது படத்தை எடுக்கும். உச்சியைத் தாண்டற நேரத்தைக் கணக்குப் போட்டு, அதுக்கு முன்னாடி லூப் நிக்கற மாதிரி எழுதுங்க. விடியற நேரத்துக்கும் அதே மாதிரி ஒரு நிறுத்தம் வேணும்.

படத்தைப் பைத்தான்ல படிச்சா மைனஸ் 32 ஆயிரம்னு எண் வருது. ஒளி எப்படி மைனஸ்ல போகும்? — மாணவர்

ஃபிட்ஸ்ல 16 பிட் முழு எண்ணுக்கு பிளஸ் மைனஸ் ரெண்டும் உண்டு, மைனஸ் 32768-லேர்ந்து 32767 வரைக்கும். கேமரா கொடுக்கறது 0-லேர்ந்து 65535. அதனால எழுதும்போது 32768-ஐக் கழிச்சு எழுதிட்டு, ஹெடர்ல பிஜீரோன்னு ஒரு வரியில 32768-ஐக் குறிச்சு வெச்சிடும், படிக்கறவங்க திருப்பிக் கூட்டிக்கணும். ஆஸ்ட்ரோபை (வானியலுக்கான பைத்தான் லைப்ரரி) தானாவே கூட்டிடும். நீங்க பைட்டை நேரா படிச்சிருப்பீங்கன்னு தோணுது தம்பி, அப்படின்னா நீங்களே கூட்டுங்க.

ஹெடர்ல இருக்கற நேரமும் என் வாட்ச்ல இருக்கற நேரமும் பல மணி நேரம் வித்தியாசம் காட்டுது, எது சரி? — ரெண்டு வாசகர்கள்

ஹெடர்ல டேட்-ஆப்ஸ்னு இருக்கறது யூடிசி நேரம், உலகம் பூரா ஒரே நேரம். அது உங்க வாட்ச்சோட ஒத்துப்போகக் கூடாது, உங்க ஊர் நேர வித்தியாசத்தைக் கணக்குல எடுத்தா சரியா வரணும், அவ்வளவுதான்.

ஆனா நிஜமான ஆபத்து வேற இடத்துல இருக்கு. அந்த நேரத்தைக் கேமரா சொல்லல, கம்ப்யூட்டர் கடிகாரம்தான் சொல்லுது. ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் உள்ள போர்டுகள்ல பேட்டரி வெச்ச கடிகாரமே கிடையாது. நெட் இல்லாத இடத்துல ஆன் பண்ணினா, போன தடவை ஆஃப் பண்ணினப்போ என்ன நேரமோ அங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சிடும். பார்க்க நம்பற மாதிரியே ஒரு தேதி இருக்கும், அதுதான் மோசம். ஜிபிஎஸ் மாட்டுங்க, இல்ல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நெட் கொடுங்க, க்ரோனி (கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரி பண்ற ப்ரோக்ராம்) ஓடுதுன்னா க்ரோனிசி ட்ராக்கிங்னு அடிச்சா எவ்வளவு செகண்ட் தள்ளியிருக்குன்னு அதுவே சொல்லிடும்.

டேட்-ஆப்ஸ் பெரும்பாலும் எக்ஸ்போஷர் ஆரம்பிச்ச நேரம். மாறும் நட்சத்திரத்துக்கு வரைபடம் போடறவங்க அதோட எக்ஸ்போஷர்ல பாதியைக் கூட்டி நடு நேரத்தை எடுத்துக்கணும். 120 செகண்ட் படத்துல இதை விட்டீங்கன்னா ஒரு நிமிஷம் தப்பு.

என்கிட்ட இருக்கறது சீமாஸ் கேமரா (சிசிடிக்குப் பதிலா வேற வகை சிப்). இதெல்லாம் எனக்குப் பொருந்துமா? — ஒரு வாசகர்

கமாண்ட் எல்லாம் அப்படியே பொருந்தும், ப்ராப்பர்ட்டி பேருல கூட சிசிடின்னுதான் இருக்கும். பின்னிங் மட்டும் வேற, சீமாஸ்ல பெரும்பாலும் படிச்ச பிறகுதான் கூட்டுவாங்க, அதனால நான் மேல சொன்ன ரீட் நாய்ஸ் லாபம் கிடைக்காது. கெய்ன் (சிக்னலைப் பெருக்கற அளவு), ஆஃப்செட் (எல்லா பிக்சலுக்கும் கூட்டற அடிப்படை அளவு)னு ரெண்டு கூடுதலா இருக்கும். டார்க் எடுக்கும்போது அந்த ரெண்டும் படத்துல இருந்த மாதிரியே இருக்கணும்.

எனக்கு டெலஸ்கோப்பும் கிடையாது, கேமராவும் கிடையாது. ஆனா படிச்சதுலேர்ந்து கை துறுதுறுங்குது. என்ன பண்ணலாம்? — பதினோராம் வகுப்பு மாணவி

உன் கடிதத்தைத்தான் கடைசியா வெச்சிருந்தேன்மா, சந்தோஷமா பதில் சொல்ல.

லினக்ஸ் இருக்கற எந்தக் கம்ப்யூட்டரும் போதும். இண்டியை இன்ஸ்டால் பண்ணினா கூடவே பொய் டெலஸ்கோப்பும் பொய் கேமராவும் வருது, இண்டி_சிமுலேட்டர்_டெலஸ்கோப், இண்டி_சிமுலேட்டர்_சிசிடின்னு பேரு. இண்டிசர்வர்னு அடிச்சு பக்கத்துல இந்த ரெண்டு பேரையும் போட்டு எண்டர் தட்டு. அது 7624-ங்கற போர்ட்ல காத்துட்டு இருக்கும். ஜிஎஸ்சின்னு ஒரு நட்சத்திரப் பட்டியல் பேக்கேஜ் உண்டு, அதையும் போட்டுக்கிட்டா பொய் டெலஸ்கோப் எங்க பார்க்குதோ அந்த இடத்து நட்சத்திரங்களையே பொய் கேமரா படத்துல வரைஞ்சு கொடுக்கும்.

இன்னொரு டெர்மினல் திற. கேமராவைக் கனெக்ட் பண்ணு. அப்லோட்_லோக்கல் ஆன் பண்ணு. டெம்பரேச்சர் மைனஸ் 10 கொடுத்துட்டு, கெட்ப்ராப்பை அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அடிச்சு எண் எப்படி இறங்கி வருதுன்னு பார், பிஸி எப்போ ஓகே ஆகுதுன்னு பார். அப்புறம் 5 செகண்ட் எக்ஸ்போஷர் ஒண்ணு கொடு, கொடுத்ததும் சிசிடி_எக்ஸ்போஷரைக் கேட்டுட்டே இரு, 4, 3, 2-ன்னு குறைஞ்சுட்டே வரும். ஃபைல் வந்ததும் டிஎஸ்9-ல (ஃபிட்ஸ் படம் பார்க்கற சாஃப்ட்வேர்) திறந்து பார், அதுக்கு முன்னாடி ஹெடரை மட்டும் தனியா படி, நீ அடிச்ச 5-ம் மைனஸ் 10-ம் அதுல இருக்கான்னு. பொய் கேமரான்னாலும் ஹெடர் நிஜமான ஹெடர் மாதிரியேதான் இருக்கும்.

இது சரியா வந்ததும் 10 படத்துக்கு ஒரு லூப் எழுது, மேல அந்த அக்காவுக்குச் சொன்ன மாதிரி இண்டி_இவால் வெச்சு. எங்கேயாவது மாட்டிக்கிட்டா, நீ அடிச்ச கமாண்டையும் கேமரா சொன்ன பதிலையும் ஒரு எழுத்து விடாம அப்படியே எழுதி அனுப்பு, அடுத்த இதழ்ல சேர்ந்து பார்ப்போம்.